மூன்று ஜாட் நண்பர்களுக்கு ஒரே பந்தியா?

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்பவர்களில் ஒருவர் பாகிஸ்தான் பஞ்சாபின் சியால்கோட் சீமா, ஒருவர் இந்தியப் பஞ்சாபின் லூதியானா சீமா, இன்னொருவர் ஹரியானாவின் ரோத்தக்கைச் சேர்ந்த சிங். மூவரும் தங்களை ஜாட் என்கிறார்கள். பொங்கலுக்கு வீட்டுக்கு அழைத்திருக்கிறேன். யார் என்ன மதம், என்ன சமைப்பது?

பதில்: பெயரை வைத்து மதத்தை முடிவு செய்யாதீர்கள். சீமா என்பது குலப்பெயர். பஞ்சாபியில் 'கோத்' என்பார்கள். நம் கொங்குப் பகுதியில் 'என்ன கூட்டம்?' என்று கேட்பதுபோலத்தான். சீமா, பாஜ்வா போன்ற குலங்களில் முஸ்லிம்களும் உண்டு, சீக்கியர்களும் உண்டு.

ஜாட்டுகள் ஓர் உழவர் சமூகம். பாகிஸ்தான் பஞ்சாபில் பெரும்பாலும் முஸ்லிம்கள், இந்தியப் பஞ்சாபில் சீக்கியர்கள், ஹரியானாவிலும் ராஜஸ்தானிலும் இந்துக்கள். பாக்பட்டனில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி பாபா ஃபரீதால் இஸ்லாமுக்கு வந்தோம் என்று சொல்லும் குலங்கள் உண்டு. அதே ஃபரீதின் பாடல்கள் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபிலும் இருக்கின்றன! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். 1947-இல் எல்லைக்கோடு விழுந்தபோது இந்தக் குலங்களும் இரண்டு நாடுகளுக்குப் பிரிந்து போயின.

சிங் என்றதும் சீக்கியர் என்று எண்ணிவிட வேண்டாம். பிரதமராக இருந்த சரண் சிங் இந்து ஜாட். ஆரிய சமாஜம் என்ற இந்து சீர்திருத்த இயக்கத்தின் பற்றாளர். ரோத்தக் நண்பரிடம் சர் சோட்டு ராமைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபின் உழவர் தலைவர் அவர்; அந்த மாவட்டத்துக்காரர், இந்து ஜாட். 1923-இல் முஸ்லிம் தலைவர் ஃபஸ்லி ஹுசைனுடன் சேர்ந்து யூனியனிஸ்ட் கட்சியை உருவாக்கி, மும்மதத்து உழவர்களையும் ஒன்றாக நிறுத்தினார். கடனில் மூழ்கிய விவசாயிகளைக் காக்கும் சட்டங்கள் 1930-களில் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். முஸ்லிம் நண்பருக்கு இறைச்சி என்றால் ஹலால்தான் வேண்டும். அமிர்தம் ஏற்ற, அதாவது முறைப்படி தீட்சை பெற்ற, சீக்கியர் ஹலால் இறைச்சியைத் தொடமாட்டார். ஹரியானா ஜாட்டுகளில் பலர் சைவம். ஆகவே அன்றைக்கு இறைச்சியே வேண்டாம். வெண்பொங்கல், சாம்பார், வடை, கெட்டித் தயிர் போதும்; நெய்யில் மட்டும் கை சுருக்காதீர்கள், பாலும் நெய்யும் அவர்கள் வீட்டு உணவு. சந்தேகம் இருந்தால் முதல் நாளே நேரில் கேட்டுவிடுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். அப்புறம், நம் போகியை ஒட்டித்தான் பஞ்சாபில் லோஹ்ரி வரும். அதற்கும் நெருப்பு மூட்டுவார்கள். லூதியானாக்காரருக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிவிடுங்கள்.