சேஃப்டி என்று எதைச் சொல்கிறீர்கள்?

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிவிட்டது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், அமெரிக்காவில் எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்ற பட்டியலைப் பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கே: மொத்தம் எத்தனை கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம்?

ப: பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப் 20 வரை அனுமதிக்கும். அனுமதிக்கிறதே என்று இருபதையும் நிரப்பாதீர்கள். பத்துப் பன்னிரண்டு போதும். பெரும்பாலான கல்லூரிகள் தனி எஸ்ஸே கேட்கும். பதினைந்தாவது கல்லூரிக்கு வரும்போது பிள்ளை களைத்துப்போய், பழைய எஸ்ஸேயில் பெயரை மட்டும் மாற்றியிருக்கும். படிப்பவருக்கு அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

கே: மகனுக்கு நல்ல மார்க். எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வும் நன்றாக வந்திருக்கிறது. எந்தெந்தக் கல்லூரி கிடைக்கும்?

ப: எந்த மாநிலம், என்ன மேஜர் (முக்கியப் பாடம்), ஜி.பி.ஏ. (பள்ளி மதிப்பெண் சராசரி) எவ்வளவு, வருடத்துக்கு உங்களால் எவ்வளவு கட்ட முடியும்? நான்கில் ஒன்றைக்கூட எழுதவில்லை. போன முறையும் இதைக் கேட்டிருந்தேன். நான்கையும் எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.

கே: இரண்டு கல்லூரிக்கு ஈ.டி. (எர்லி டிசிஷன், கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்று முன்கூட்டியே போடும் விண்ணப்பம்) போடலாமா? யாருக்குத் தெரியப்போகிறது?

ப: கூடாது. ஈ.டி. ஒப்பந்தத்தில் மாணவர், பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் மூவரும் கையெழுத்திடுகிறீர்கள். முதல் சுற்றில் கிடைக்காவிட்டால், ஈ.டி. 2 வைத்திருக்கும் வேறொரு கல்லூரிக்குப் போடலாம், அதில் தவறில்லை. இடம் கிடைத்தபின் நிதி உதவி போதவில்லை என்றால் விலகலாம். மனம் மாறிவிட்டது என்று விலக முடியாது.

கே: எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் (ஹார்வர்ட், யேல் போன்றவை), ஸ்டான்ஃபோர்ட், எம்.ஐ.டி. சேஃப்டிக்கு இல்லினாய் அர்பானா-ஷாம்பெயினில் கம்ப்யூட்டர் சயின்ஸ். பட்டியல் சமநிலையாக இருக்கிறதா?

ப: இல்லை. இதில் சேஃப்டியும் (உறுதியாகக் கிடைப்பது) இல்லை, டார்கெட்டும் (கிடைக்க நியாயமான வாய்ப்புள்ளது) இல்லை. பதினொன்றும் ரீச், அதாவது கிடைப்பது அரிதானவை.

முதல் பத்தை எடுப்போம். "ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு, பத்தும் சேர்ந்தால் ஐம்பது" என்று கணக்குப் போடுகிறார்கள். வெறும் குலுக்கல் சீட்டாக இருந்தாலே நாற்பதுதான் வரும். இது குலுக்கலும் அல்ல. பத்து இடத்துக்கும் போவது அதே மார்க், அதே சிபாரிசுக் கடிதங்கள். ஓரிடத்தில் குறையாகப் பட்டது அடுத்த இடத்திலும் குறையாகவே படும்.

அடுத்து இல்லினாய். அந்தப் பல்கலைக்கழகம் மொத்தமாக நூற்றுக்கு நாற்பது பேரைச் சேர்க்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அந்த எண் பத்துக்கும் கீழே. வேறு மேஜரில் நுழைந்து பிறகு மாறிக்கொள்ளும் வழியும் ஏறக்குறைய அடைபட்டது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் இதே நிலைதான். கல்லூரியின் எண்ணைப் பார்க்காதீர்கள், மேஜரின் எண்ணைப் பாருங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சலிக்காது. மார்ச் கடைசியில் கையில் ஒரு இடமும் இல்லாமல், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிய மகளை அழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை, பட்டியலில்தான் இருந்தது.

சேஃப்டிக்கு மூன்று தகுதி வேண்டும். அந்த மேஜரில் இடம் உறுதி. பணம் உங்கள் கைக்கு அடங்கும். வேறெதுவும் கிடைக்காவிட்டால் பிள்ளை அங்கே மனதாரப் போகும். மூன்றில் ஒன்று தவறினாலும் அது சேஃப்டி இல்லை. பணத்துக்கு அந்தந்தக் கல்லூரியின் தளத்திலேயே நெட் பிரைஸ் கால்குலேட்டர் (உங்கள் குடும்பம் உண்மையில் கட்ட வேண்டிய தொகையைக் கணிக்கும் கருவி) இருக்கும். 2011 முதல் அது சட்டப்படி கட்டாயம். வருமான விவரத்தைப் போட அரை மணி நேரம்கூட ஆகாது. மூன்றாவது தகுதிக்குக் கால்குலேட்டர் இல்லை, பிள்ளையிடம் கேட்டால்தான் தெரியும். அதனால் பட்டியலைக் கீழே இருந்து கட்டுங்கள். இப்படி இரண்டு கல்லூரி கிடைத்த பிறகு ஹார்வர்டைப் பற்றிப் பேசலாம்.

கே: டெக்ஸாஸில் இருக்கிறோம். மகள் பள்ளியில் முதல் ஐந்து சதவீதத்தில் இருக்கிறாள். ஆஸ்டினில் உள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் உறுதிதானே?

ப: பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி, இன்ஜினியரிங்கில் உறுதி இல்லை. பள்ளியில் முதல் ஆறு சதவீதத்தில் இருந்தால் தானாகவே இடம் என்று இருந்தது, 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து ஐந்தாகிவிட்டது. தானியங்கிச் சேர்க்கை மேஜரைத் தருவதில்லை. வேறு மேஜர் தந்தாலும் போவாளா என்று கேளுங்கள். போவாள் என்றால் சேஃப்டி.

கே: கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு (யூ.சி.) எஸ்.ஏ.டி. மார்க் அனுப்பினால் உதவுமா?

ப: உதவாது. சேர்க்கைக்கு அதைப் பார்ப்பதே இல்லை. ஒரே விண்ணப்பத்தில் ஒன்பது வளாகம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். பெர்க்லியையும் யூ.சி.எல்.ஏ.வையும் மட்டும் டிக் செய்துவிட்டு "யூ.சி. போட்டாயிற்று" என்கிறார்கள். ரிவர்சைட், மெர்செட் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கே: டார்கெட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: ஒவ்வொரு கல்லூரியும் தன் சேர்க்கை விவரங்களை வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தைத் தேடி எடுங்கள். அதன் சி9 பகுதியில், சேர்ந்தவர்களின் எஸ்.ஏ.டி. மார்க் வீச்சு இருக்கும். உங்கள் பிள்ளை அதன் மேல்பாதியில் இருக்க வேண்டும். டெஸ்ட் ஆப்ஷனல் (எஸ்.ஏ.டி. மார்க் அனுப்புவது கட்டாயமில்லாத) கல்லூரிகளில் குறைந்த மார்க்காரர்கள் அனுப்புவதில்லை, அதனால் அந்த வீச்சு உள்ளதைவிட உயரமாகத் தெரியும். சி7 பகுதி, சேர்க்கையில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்லும். நூற்றுக்கு இருபதுக்கும் குறைவாகச் சேர்க்கும் கல்லூரி யாருக்குமே டார்கெட் இல்லை.

கே: நாங்கள் இந்தியாவில் இருக்கிறோம். நிதி உதவி கேட்டால் அட்மிஷன் பாதிக்குமா?

ப: பெரும்பாலான இடங்களில் பாதிக்கும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில மட்டும் வெளிநாட்டு மாணவருக்கும் பணத்தைப் பார்க்காமல் முடிவெடுக்கின்றன. அவை எல்லாமே ரீச். மெரிட் ஸ்காலர்ஷிப் தரும் நாலைந்து கல்லூரி இல்லாமல் உங்கள் பட்டியல் நிற்காது.

கே: மகள் தன் பட்டியலை எங்களிடம் காட்ட மறுக்கிறாள்.

ப: நீங்கள் உங்கள் பணக் கணக்கைக் காட்டினீர்களா? வருடத்துக்கு இவ்வளவு தர முடியும், இதற்கு மேல் கடன் என்று ஓர் எண்ணை இந்த வாரமே சொல்லுங்கள். பட்டியலை அப்புறம் கேளுங்கள்.