பள்ளி திறக்கும் நாள் படம்: முகம் ஏன் கறுத்துப்போகிறது?

கேள்வி: விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் காலையில், வருடா வருடம் என் இரண்டு பிள்ளைகளையும் வாசலில் நிறுத்திப் படம் எடுக்கிறேன். முகம் கறுத்துப்போகிறது, வெள்ளைச் சட்டை மட்டும் பளீரென்று தெரிகிறது. சிரிப்பும் ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது. கையில் இருப்பது செல்போன், கிடைப்பது ஐந்து நிமிடம். என்ன செய்யலாம்?

பதில்: செல்போனே போதும். இந்தப் படங்கள் கெடுவது பெரும்பாலும் பிள்ளைகள் நிற்கும் இடத்தால்தான். அந்த இடத்தை முந்தின நாளே, அவர்கள் கிளம்பும் அதே நேரத்தில் வாசலுக்குப் போய்ப் பார்த்து முடிவுசெய்துவிடுங்கள். மாலையில் பார்த்து வைத்தால் பயனில்லை. அப்போது வெயில் எதிர்ப்பக்கம் போயிருக்கும்.

வெயில் முதுகுப்பக்கம் இருந்தால் சட்டையின் தோளில் நேராக விழும், முகம் நிழலில் மாட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே உள்ள வெளிச்ச வித்தியாசம் கேமராவால் சமாளிக்க முடியாத அளவுக்குப் பெரியது. முகத்தில் வெயில் படும்படி திருப்பி நிறுத்தினாலோ கண் கூசிச் சுருங்கிவிடும். ஆகவே சட்டையும் முகமும் ஒரே நிழலுக்குள் வர வேண்டும். நிழல் முடிகிற விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே நிறுத்தி, திறந்த வானத்தைப் பார்க்கத் திருப்புங்கள். உங்கள் முதுகு வெளிச்சத்தின் பக்கம் இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் பின்னால் வெயில் அடிக்கும் சுவரோ தெருவோ வேண்டாம். வீட்டுக்குள் இருந்துகொண்டு, வாசற்படியில் நிற்கிறவர்களை எடுத்தால் முகம் கண்டிப்பாகக் கறுக்கும். நீங்கள் வெளியே வந்து வீட்டைப் பார்த்து எடுங்கள்.

முதலில் லென்ஸைத் துணியால் துடைத்துவிடுங்கள். பையிலும் கையிலும் புழங்கும் போனில் விரல்ரேகை படிந்து, படம் முழுக்க மங்கலாகிவிடும். பிறகு திரையில் பிள்ளையின் முகத்தைத் தொட்டு, ஓரிரு நொடி அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். எவ்வளவு என்பதற்குச் சட்டைப் பையைப் பாருங்கள்: அதன் தையல் கோடு தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திக்கொள்ளலாம். முகம் சற்று இருட்டாக இருந்தால் பிறகு எடிட்டிங்கில் ‘நிழல்’ அளவை மட்டும் ஏற்றி மீட்டுவிடலாம். ஒரேயடியாக வெளுத்துப்போன சட்டையை எதனாலும் மீட்க முடியாது.

அடுத்தது தூரம். கைநீட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கும் நெற்றியும் பெருத்துத் தெரியும். நின்ற வாக்கில் மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாகி, கால் குட்டையாகிவிடும். இரண்டு மீட்டராவது தள்ளிப் போய், 2 மடங்கு ஜூம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போனில் அதற்குத் தனி லென்ஸ் இல்லையென்றால், சாதாரணமாக எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். முழு உருவத்துக்குக் குனிந்து, பிள்ளையின் மார்பு உயரத்தில் போனைப் பிடியுங்கள். முகத்துக்கு மட்டும் என்றால் கண் உயரம். புதுச் ஷூவுக்குக் கீழே கொஞ்சம் தரை தெரியட்டும், கணுக்காலோடு வெட்டிவிடாதீர்கள். இருவரும் சேர்ந்து நிற்கும்போது தோளோடு தோள் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒருவர் ஓரடி பின்னால் நின்றாலும், பின்னணியைக் கலங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறையில் அவர் முகமும் கலங்கிவிடலாம். அந்த முறை பை வாரையும் கலைந்த முடியையும் தப்பாக அறுத்துவிடுவதும் உண்டு. முழு உருவப் படத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

இனி சிரிப்பு. “சிரி” என்று சொன்ன உடனே பிள்ளைகள் பல்லைத்தான் காட்டுவார்கள். அதற்குப் பதிலாகக் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: பை ஜிப்பை மூடட்டும், ஒருவர் காலரை இன்னொருவர் சரிசெய்யட்டும். அல்லது பதில் சொல்ல ஆசைப்படுகிற ஒரு கேள்வி கேளுங்கள்: “யார் பக்கத்துல உட்காரப் போற?” பேசும்போது வாய் கோணலாக விழும். சொல்லி முடித்துவிட்டு உங்களைப் பார்க்கிற அந்த நொடியில்தான் முகம் நன்றாக இருக்கும்; அப்போது தொடர் படமாகப் பத்து எடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மழை மூட்டமாக இருந்தால் நைட் மோடு தானாக இயங்குகிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். அது நீண்ட நேரம் ஒளியை வாங்குவதால், அசைகிற பிள்ளை கலங்கலாகிவிடும். தனிக் கேமரா வைத்திருப்பவர்கள் ஷட்டரை நொடியில் 1/250-க்குக் கீழே இறக்க வேண்டாம், ஓடினால் 1/500.

அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்திச் சிரிக்கவைக்கப் பார்ப்பதில் ஐந்து நிமிடமும் போய்விடும். விட்டுவிடுங்கள். பையோடு நடந்து போகிற முதுகுப்பக்கப் படமும் நல்ல படம்தான்.

பகிர்வதற்கு முன் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அடையாள அட்டை, சட்டையில் உள்ள பள்ளிச் சின்னம், வண்டி எண், வீட்டு எண், பெயரும் வகுப்பும் எழுதிய பலகை ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தாலே, அந்தப் பிள்ளை எங்கே இருக்கும் என்று அறியாதவருக்கும் தெரிந்துவிடும். எடுக்கும்போதே அட்டையைத் திருப்பிவிடுங்கள். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவையும் அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த படம் என்றால், பகிரும்போது இருப்பிடத்தை நீக்கும் வசதி பெரும்பாலான போன்களில் இருக்கிறது.