மேலும் கீழும் ஒரே துணி: தையல்கடை அக்கா பதில்கள்

மண்டபத்தில் தையல்கடை வைத்திருக்கும் அக்கா, டாப்பும் பேண்டும் ஒரே துணியில் வரும் கோ-ஆர்ட் செட் பற்றி வாசகிகள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

அக்கா, எனக்குத் தோள் குறுகல், இடுப்புக்குக் கீழே அகலம். ராமநாதபுரத்தில் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டேன். எம் சைஸ் செட் எடுத்தால் பேண்ட் தொடையில் ஏறவில்லை. எல் எடுத்தால் டாப் தோளிலிருந்து வழிகிறது. இந்த உடை எனக்குச் சரிப்படாதா?
வாசகி, தேவிபட்டினம்

நன்றாகவே சரிப்படும். மேலே எம், கீழே எல் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே சைஸில் ஒரே கவருக்குள் போட்டு விற்பதுதான் கோளாறு. ரெடிமேட்தான் வேண்டுமென்றால் எல் எடுங்கள். பெரியதைப் பிடித்துச் சிறிதாக்கலாம்; உள்ளே துணியே விடாமல் ஓவர்லாக் அடித்த பேண்டை யாராலும் பெரிதாக்க முடியாது. ஆனால் டாப்பின் பக்கத் தையலை மட்டும் பிடித்துக் கொடுத்தால் வாங்கி வராதீர்கள். கையைக் கழற்றி, தோளைக் குறைத்து, திரும்ப ஏற்ற வேண்டும். கூலி கூடக் கேட்பார்கள், நியாயம்தான்.

என்னைக் கேட்டால் துணி எடுத்துத் தைத்துவிடுங்கள். 44 அங்குல அகலத் துணியில் சட்டை மாதிரி டாப்புக்கும் நேர் பேண்டுக்கும் நாலேகால் மீட்டர் போதும். மொத்தத்தையும் ஒரே தானில் (ஒரே துணிச் சுருளில்), ஒரே நாளில் வாங்குங்கள். மீதியை அடுத்த வாரம் வாங்கலாம் என்று வந்தால், அதே டிசைன் சாயத்தில் ஒரு சொட்டு மாறியிருக்கும். அப்புறம் அது செட் இல்லை.

இனிதான் விஷயமே. மேலும் கீழும் ஒரே துணி என்பதால் பார்க்கிறவர் கண் கழுத்திலிருந்து கால்வரை தடையில்லாமல் இறங்கிப் போகும். நடுவில் அது தங்குகிற ஒரே இடம் டாப்பின் கீழ் மடிப்பு. அது எங்கே விழுகிறதோ அங்கேதான் அகலம் தெரியும். டேப்பை எடுத்து உங்கள் உடம்பில் எது மிக அகலமான இடம் என்று பாருங்கள். நிறையப் பேருக்கு அது இடுப்பிலிருந்து ஏழெட்டு அங்குலம் கீழே இருக்கும். டாப் அதற்கு 3 அங்குலமாவது மேலே முடியட்டும். இல்லையா, தொடையின் நடுப்பகுதி வரை இறங்கட்டும். சரியாக அந்த அகலத்திலேயே முடிகிற டாப்பைத்தான் கடைகளில் அதிகம் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

பேண்ட் கணுக்காலில் குறுகக் கூடாது, தொடையிலிருந்து நேராக விழ வேண்டும். இடுப்புப் பட்டி முன்னால் தட்டையாக இருக்கட்டும், எலாஸ்டிக் பின்பக்கம் மட்டும். சுற்றிலும் எலாஸ்டிக் வைத்தால் அத்தனை சுருக்கமும் இடுப்பிலேயே குவியும். மேலே ஒரு காலர், கை ஏறும் இடத்தில் இரண்டு சின்ன ப்ளீட் வையுங்கள். தோள் நிரம்பித் தெரியும். பாக்கெட் கேட்பீர்கள், தெரியும். சாய்வாக வெட்டிய பாக்கெட் இடுப்பு அகலமானவர்களுக்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பக்கத் தையலுக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

உயரம் 4 அடி 10 அங்குலம், பூசினாற்போல உடம்பு. தினமும் ஸ்கூட்டியில் பாம்பன் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறேன். பெரிய பூப்போட்ட ரேயான் பலாசோ செட் மேல் ஒரு கண்.
வாசகி, தங்கச்சிமடம்

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தப் பாலத்தில், பாவாடை மாதிரி கால் அகன்ற பலாசோ பேண்டா? ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பேண்டில் என்று வர முடியாது, தாயே. ரேயான் வேறு காற்றில் உடம்போடு ஒட்டிக்கொண்டு, மறைக்க நினைத்ததையெல்லாம் காட்டும். பூவும் உங்கள் உள்ளங்கையைவிடப் பெரிதாக வேண்டாம்.

பரமக்குடி, எமனேசுவரம் பக்கத்துக் கைத்தறிப் பருத்திச் சேலை ஒன்று எடுங்கள். ஐந்தரை மீட்டர், உங்கள் உயரத்துக்குச் செட் போக மிச்சமே வரும். மெல்லிய கோடு போட்டதாக இருந்தால் கோடு மேலிருந்து கீழாக வரும்படி வெட்ட வேண்டும். கரையைப் பேண்டின் அடியில் வைக்கலாம் என்பார் டெய்லர். குள்ளமானவர்களுக்கு அது காலை வெட்டிவிடும். அதே கரையை டாப்பின் முன்பக்கம், பட்டன் பட்டியாக நெடுகத் தைத்தால் உயரம் கூடித் தெரியும். டாப் குட்டையாக, பேண்ட் குதிகால் தொடும் நீளத்தில் இருக்கட்டும். பேண்டின் அடி மடிப்பை ஒன்றரை அங்குலம் அகலமாக மடித்தால் அந்தக் கனத்துக்கே காற்றில் அவ்வளவாக ஏறாது.

வெட்டுவதற்கு முன் சேலையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள். ஊறாத பருத்தி தைத்த பிறகு சுருங்கினால் முதலில் அடிவாங்குவது பேண்ட் நீளம். துவைப்பதும் இரண்டையும் சேர்த்தே. சோப்பு நுரைக்காத நம் போர் தண்ணீரில் டாப்பை நான்கு தடவை, பேண்டை ஒரு தடவை துவைத்தால் ஒரே மாதத்தில் இரண்டும் இரண்டு நிறம்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வயிறு இறங்கவில்லை. முழுக்கை, முழங்கால் நீள டாப்தான் போடுவேன். எந்தச் செட் போட்டாலும் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
வாசகி, கீழக்கரை

முன்னும் பின்னும் ஒரே நீளத்தில் வெட்டினால் தூக்கத்தான் செய்யும். வயிற்றைச் சுற்றி வர முன்துணிக்குக் கூடுதல் நீளம் வேண்டும். முன்பக்கத்தை நடுவில் ஒரு அங்குலம் இறக்கி, பக்கத் தையலுக்கு வரும்போது பின்பக்கத்தோடு சேரும்படி வளைத்து வெட்டச் சொல்லுங்கள். போட்டுக்கொண்டால் சமமாகத் தெரியும். இரண்டாவது, பக்கக் கட். வயிற்று மட்டத்திலேயே கட் தொடங்கினால் விரிந்து நிற்கும். அதைத் தாண்டிக் கீழே தொடங்கட்டும். இடுப்பில் டார்ட், அதாவது உடம்போடு ஒட்ட உள்பக்கம் பிடிக்கிற கூர்மடிப்பு, வேண்டாம்; முன்முடிச்சும் பெல்ட்டும் வேண்டவே வேண்டாம். ஜிப் வைத்தால் பிளாஸ்டிக் பல் வைத்தது. உப்புக்காற்றில் இரும்பு ஜிப் துருவேறித் துணியையும் கறையாக்கும்.

கல்லூரி போகும் மகள் ரொம்ப ஒல்லி. எதைப் போட்டாலும் ஹேங்கரில் மாட்டியதுபோல இருக்கிறது.
ஒரு தாய், உச்சிப்புளி

கொஞ்சம் விறைப்பான பருத்தியில் இடுப்போடு நிற்கும் பெட்டி வெட்டு டாப், முன்னால் ப்ளீட் வைத்த அகலக் கால் பேண்ட். குறுக்குக் கோடு, பெரிய பூ, மார்பில் பாக்கெட் எல்லாம் அவளுக்குப் பொருந்தும். மற்றவர்களுக்கு நான் வேண்டாம் என்றதெல்லாம் அவளுக்குத்தான். "சாப்பிடு, சாப்பிடு" என்று ட்ரயல் ரூம் வாசலில் நின்று சொல்லாதீர்கள்.

61 வயது. மருமகள் போடுவதைப் பார்த்து எனக்கும் ஆசை. சிரிப்பார்களோ?
வாசகி, சாயல்குடி

சிரிக்கட்டும், சுடிதார் வந்த புதிதிலும் சிரித்தார்கள். முழங்கால் தொடும் டாப், கையைத் தூக்கி மாட்டாமலிருக்க முன்பக்கம் முழுக்கப் பட்டன். இடுப்பளவை நின்றும் எடுங்கள், உட்கார்ந்தும் எடுங்கள். பெரியதை வைத்து வெட்டுங்கள். மருமகள் எடுத்த அதே துணியில் மட்டும் எடுக்காதீர்கள், கொடியில் மாறிப்போய் வீட்டில் பஞ்சாயத்து ஆகும்.