மண்டைக்குள் எது எங்கே இருக்கிறது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தர்மபுரியைச் சுற்றியுள்ள ஊர்களில் பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டுக்கே போய் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. இந்த வாரம் மூளையைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, நான் பிளஸ் டூ. பெருமூளை, சிறுமூளை, முகுளம் மூன்றும் குழம்பிக்கொண்டே இருக்கிறது. எப்படி ஞாபகம் வைப்பது? (காரிமங்கலம்)

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு மூளையை உடையாமல் எடுத்துத் தரச் சொல்லி வாங்கி, தட்டில் வைத்துப் பாரு கண்ணு. மேலே மடிப்பு மடிப்பாக இரண்டு பாதியாகத் தெரிவது பெருமூளை. பின்பக்கம், நெருக்கமான மெல்லிய வரிகளோடு ஒட்டிக்கொண்டிருப்பது சிறுமூளை. அடியில் விரல் மாதிரி நீள்வது மூளைத்தண்டு. அதன் கடைசிப் பகுதி முகுளம். அதற்குப் பிறகு தண்டுவடம்.

இனி வேலை. உன் அம்மா தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறுகிறார். ஏற வேண்டும் என்று முடிவெடுத்துக் காலைத் தூக்க வைப்பது பெருமூளை. தள்ளாடாமல், குடம் தளும்பாமல் அடியெடுத்து வைக்கச் செய்வது சிறுமூளை. குடித்தவர் தள்ளாடுவதும் சிறுமூளை தடுமாறுவதால்தான். ஏற ஏற மூச்சையும் இதயத் துடிப்பையும் கூட்டிக் கொடுப்பது முகுளம்.

அப்பாவுக்கு 61 வயது. மூன்று வாரத்துக்கு முன் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாங்கள் பேசுவது புரிகிறது, ஆனால் அவருக்கு "வா, வா" என்பதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. ஸ்கேனில் இடது மூளையில் அடைப்பு என்று இருக்கிறது. தவறாக எழுதிவிட்டார்களா? சொந்தக்காரர்கள் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். (பாலக்கோடு)

ஸ்கேன் சரிதான் அம்மா. பெருமூளையிலிருந்து கை கால்களுக்குப் போகும் நரம்பு இழைகளில் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறிக்கொள்கின்றன. அதனால் இடது மூளை அடிபட்டால் வலது பக்கம் விழும்.

பேச்சு போனதும் அதே இடது பக்கத்தால்தான். 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், வாயில் வருவது மட்டும் "டான்" என்ற ஒரே ஒலி. அவர் இறந்த பிறகு மூளையை எடுத்துப் பார்த்தபோது பெருமூளையின் முன்பகுதியான முன்மடல் இடது பக்கம் சிதைந்திருந்தது. பேச்சை உருவாக்கும் அந்த இடத்தை இன்றும் புரோக்கா பகுதி என்கிறோம். 1874-இல் கார்ல் வெர்னிக்கே இன்னொரு வகையை எழுதினார்: பேச்சு தடையில்லாமல் வரும், பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் புரியாது. அதற்கான இடம் இடது காதுக்கு மேலே, சற்றுப் பின்னால்.

உங்கள் அப்பாவுக்கு முதல் வகை போலத் தெரிகிறது. புத்தி பேதலிக்கவில்லை என்று சொந்தக்காரர்களிடம் உறுதியாகச் சொல்லுங்கள். அவர் எதிரிலேயே அப்படிப் பேசுகிறார்கள், அவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிகிறது. இதுதான் எனக்குப் பெரிய வேதனை. காது கேட்கிறது, சத்தம் போட வேண்டாம். ஆமாம், இல்லை என்று தலையாட்டக்கூடிய கேள்வியாகக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

பென்னாகரம் பக்கம் ஒரு பெரியவருக்குப் பேரன் பெயரே வராது. ஒருநாள் அவர் விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினேன். "நாலு" என்று அவரே ஆரம்பித்து, பத்து வரை நிறுத்தாமல் சொன்னார். மருமகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். மனப்பாடமான எண்ணும் பாட்டும் இப்படிப் பலருக்குத் தப்பிப் பிழைக்கின்றன, அங்கிருந்து பேச்சுப் பயிற்சியைத் தொடங்கலாம். முதல் சில மாதங்கள்தான் வேகமாகத் தேறும் காலம். புறா ரத்தம் தேய்ப்பதில் அந்த நாட்களைக் கழித்துவிடாதீர்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும்.

நாம் மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோமாமே? (ஓசூர்)

பொய். உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் உடலின் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது செலவழிக்கிறது. தூங்கும்போதும் வேலை செய்கிறது.

பாட்டிக்கு 78. தன் கல்யாணப் பந்தியில் என்ன போட்டார்கள் என்று சொல்கிறார், காலையில் சாப்பிட்டதை மறந்துவிடுகிறார். (அரூர்)

காதுகளுக்கு உள்பக்கமாக, ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக ஹிப்போகாம்பஸ் இருக்கிறது. புது நினைவைப் பதிய வைப்பது அது. பழைய நினைவுகள் பெருமூளையின் மேற்பரப்பில் பரவிப் பதிந்திருப்பதால் நெடுநாள் தாங்கும். 1953-இல் அமெரிக்காவில் வலிப்புக்காக ஹென்றி மொலைசன் என்பவருக்கு இரு பக்கமும் அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். 2008-இல் இறக்கும்வரை புதிதாகச் சந்தித்தவர்களை அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. பாட்டியை மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 குறைவாலும் மறதி வரும், அதைச் சரிசெய்யலாம்.

பைக் விபத்தில் நெற்றியில் அடிபட்ட பிறகு என் கணவர் ஆளே மாறிவிட்டார். தொட்டதற்கெல்லாம் கோபம், வாயில் கெட்ட வார்த்தை. (தொப்பூர்)

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல்தான் நம்மை அடக்கி வைக்கிற பிரேக். கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் நிலையும் அதுதான். வேண்டுமென்று செய்யவில்லை. நரம்பியல் மருத்துவரிடம் இதை வெட்கப்படாமல் சொல்லுங்கள், மருந்தும் பயிற்சியும் உண்டு.

வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்கலாமா? (ஊத்தங்கரை)

வேண்டாம். பெருமூளை செல்களில் மின்துடிப்பு கட்டுமீறிப் போவதுதான் வலிப்பு. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே அடங்கும், சாவியால் நின்றதாக நமக்குத் தோன்றுகிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

நிஜ மூளையைப் பார்க்க முடியுமா அக்கா? (மறுபடியும் காரிமங்கலம்)

முடியும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. எந்த நாள் அனுமதி என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போ. கையுறை போட்டுக்கொண்டு தொட்டுப் பார்க்கலாம். மருந்தில் ஊறிக் கெட்டியாகியிருக்கும். உயிரோடு இருக்கையில் அது கெட்டித் தயிர் மாதிரி மெத்தென்று இருக்கும். இரண்டு கையாலும் ஏந்திக்கொள், மனித மூளை சுமார் 1.3 கிலோ இருக்கும்.