பகுதி மூட்டு மாற்று அறுவைக்குப் பின் நடையும் விளையாட்டும்: இயன்முறை மருத்துவரின் பதில்கள்

கேள்வி (தஞ்சாவூர்): என் முழங்காலின் உட்பக்கம் மட்டும் மாற்றப்பட்டு மூன்று வாரம் ஆகிறது. காலையில் அரை மணி நேரம் நடந்தால் மாலையில் முட்டி வீங்குகிறது. நடப்பதை நிறுத்தட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம் ஐயா, பிரித்து நடங்கள். பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை நடந்துவிட்டு, காலை உயர்த்திப் படுத்து, துணியில் சுற்றிய ஐஸ் பையைக் கால் மணி நேரம் வையுங்கள். தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றி, மூட்டின் நடுவிலுள்ள சிலுவைத் தசைநார்களை அப்படியே விட்டுவிடுவதால், முழு மாற்று செய்தவர்களைவிட உங்களுக்கு நடை சீக்கிரம் கைகூடும். அவசரமும் அங்கேதான் பிறக்கிறது. புதிய உலோகத் தட்டைத் தாங்கும் கீழ்க்கால் எலும்பு, முதல் சில வாரங்களில் அதிகச் சுமை ஏறினால் அரிதாக விரிசல் விடுவதுண்டு. மாலை வீக்கம் மறுநாள் காலைக்குள் வடிந்தால் உங்கள் நடை அளவோடு இருக்கிறது. வடியாவிட்டால் பாதியாகக் குறையுங்கள். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டிக்கு அடியில் ஒருபோதும் வேண்டாம்; மடங்கியே கிடக்கும் முட்டி பிறகு முழுதாக நீளாது.

கேள்வி (கோவை): மாடிப்படியில் எந்தக் காலை முதலில் வைப்பது?

பதில்: ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது அறுவை செய்த கால். கைத்தடி நல்ல காலின் பக்கத்துக் கையில் இருக்கட்டும்.

கேள்வி (கும்பகோணம்): பூஜையின்போது சம்மணமிட்டு உட்காரலாமா?

பதில்: மூன்று மாதத்துக்கு நாற்காலியே நல்லது அம்மா. அதன்பின் உங்கள் அறுவை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மறுப்பு (மதுரை): என் மைத்துனர் இரண்டே மாதத்தில் சம்மணமிட்டார். நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: உங்கள் மைத்துனர் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி, ஆனால் அவருக்குப் பொருத்தியது எந்த வகை என்று தெரியாமல் அதை எல்லோருக்கும் விதியாக்க முடியாது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், மேலும் கீழுமுள்ள உலோகப் பாகங்களுக்கு இடையிலான பிளாஸ்டிக் தகடு கீழ்த்தட்டோடு இறுகப் பொருந்தியிருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு மூட்டு போன்ற மற்றொன்றில் அது முட்டியின் அசைவுக்கேற்ப நகரும். நகரும் வகையில், முட்டி ஆழமாக மடங்கியபடி முறுக்கப்படும்போது தகடு இடம் நழுவக்கூடும்; நழுவினால் பெரும்பாலும் இன்னொரு அறுவைதான். தரையில் அமரும் வழக்கமுள்ள கொரியா போன்ற நாடுகளில் இது மேலைநாடுகளைவிட அதிகம் பதிவாகியிருப்பதால், தரையிலேயே உண்டு எழும் நாமும் இதைக் கவனிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பொருத்தியின், அதாவது உள்ளே வைத்த செயற்கை மூட்டின், பெயர் இருக்கும். அதைப் பார்க்காமல் எவரும் எவருக்கும் தைரியம் சொல்ல வேண்டாம்.

மண்டியிடுவது வேறு விஷயம். அதனால் பொருத்திக்குக் கேடு வருவதில்லை. தழும்பின் வெளிப்புறத்தில் தோல் நரம்பின் கிளை வெட்டுப்படுவதால் அங்கே மரத்துப்போய், தரையில் ஊன்றவே கூசும். காயம் நன்றாக ஆறியபின் மெத்தைமேல் மண்டியிட்டுப் பழகுங்கள்.

கேள்வி (சேலம்): எத்தனை மாதத்தில் பழையபடி ஷட்டில் ஆடலாம்?

பதில்: மருத்துவர் ஒப்புக்கொண்டால், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இரட்டையர் ஆட்டத்தில் தொடங்கலாம். அதற்கு முன் தொடையின் முன்தசை மீண்டிருக்க வேண்டும்: கைப்பிடியைத் தொடாமல், அறுவை செய்த காலை மட்டும் ஊன்றி, ஒரு படி மெதுவாக இறங்கிப் பாருங்கள். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் இன்னும் பயிற்சி பாக்கி. ஓட்டத்தையும் தாவுதலையும் நான் பரிந்துரைப்பதில்லை. நீச்சலும் சைக்கிளும் போதும்.

கேள்வி (வேலூர்): கிரிவலம் போக எத்தனை மாதம் ஆகும்?

பதில்: மாதக் கணக்கையே எல்லோரும் கேட்கிறீர்கள், வீக்கத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். திருவண்ணாமலைச் சுற்று சுமார் 14 கிலோமீட்டர். அதில் பாதித் தூரத்தை உங்கள் ஊரில் நடந்து, மறுநாள் வீக்கமில்லாமல் எழுந்த பிறகு திட்டமிடுங்கள்.

கேள்வி (திருச்சி): தையல் பிரித்ததும் எண்ணெய் தேய்த்து நீவலாமா?

பதில்: கூடாது. காயம் முழுதாக மூடும்வரை எண்ணெயும் வேண்டாம், பச்சிலைப் பற்றும் வேண்டாம், தலையணையும் முட்டிக்கு அடியில் வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): இரண்டு நாளாகக் கெண்டைக்கால் வலித்து வீங்கியிருக்கிறது. எந்தப் பயிற்சி செய்யலாம்?

பதில்: எதையும் செய்யாதீர்கள், காலை நீவிவிடவும் வேண்டாம். இரத்தம் உறைந்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க, இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.