தண்டலும் தாராள மனமும்

கேள்வி: குடியாத்தத்தில் சிறியதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் 'வளமான மனநிலை' என்று வகுப்பு நடத்தினார்கள். கட்டணம் 3,000 ரூபாய். தினமும் தவணை கட்டும் தண்டல் கடன் வாங்கித்தான் கட்டினேன். "உங்கள் வறுமைக்குக் காரணம் உங்கள் பற்றாக்குறை எண்ணம். கடனை நினைத்தால் கடன்தான் பெருகும். இனிக் கணக்கு நோட்டைத் திறக்காதீர்கள்" என்றார் பயிற்சியாளர். அப்படியே செய்கிறேன், பயம் போகவில்லை. இன்னொன்று: என்னிடம் வேலை பார்க்கும் பெண் கட்டிங் கற்றுக்கொடுக்கச் சொல்கிறாள். கற்றுக்கொண்டு எதிரிலேயே கடை போட்டுவிடுவாளோ என்று தள்ளிப்போடுகிறேன். இதுவும் பற்றாக்குறை எண்ணம்தானா? அடுத்த மாதம் இரண்டாம் நிலை வகுப்பு, 8,000 ரூபாய். சேரலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் அந்தக் கணக்கு நோட்டைத் திறங்கள், சகோதரி. மற்றதெல்லாம் பிறகு.

நம் பக்கத்தில் தண்டல் ஓடும் விதம் உங்களுக்குத் தெரியாததல்ல. 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 1,500-ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, 8,500-ஐக் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்வைக்கு நூற்றுக்குப் பதினைந்துதான். ஆனால் மறுநாளே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுவதால், வாங்கிய தொகை முழுதாக உங்களிடம் தங்குவதே இல்லை. ஆண்டு வட்டியாக மாற்றிப் பாருங்கள், நூற்றுக்கு 120 அளவில் வந்து நிற்கும். இதை நினைக்காமல் இருந்தால் குறைந்துவிடும் என்று ஒருவர் மைக் பிடித்துச் சொல்கிறார், மண்டபமே கைதட்டுகிறது. காலையில் மறக்காமல் கடை வாசலுக்கு வந்து நிற்கும் தண்டல்காரருக்கு யார் வகுப்பு எடுப்பது?

காசு இல்லாதபோது புத்தி குறுகிப்போவது உண்மை. அதுவரை பயிற்சியாளர் சொன்னது சரி. எது முந்தி, எது பிந்தி என்பதைத்தான் தலைகீழாக்கிவிட்டார். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. (1989 வரை திருவண்ணாமலையும் வேலூர் இருந்த நம் வட ஆர்க்காடு மாவட்டம்தான், வெளிநாட்டுக் கதை என்று தள்ள முடியாது.) ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் அதை 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். கரும்புக்காரருக்குப் பெரும்பணம் வருவது வெட்டு முடிந்த பிறகுதான். அதற்கு முன் நகை அடகில் இருக்கும், கடன் கழுத்தை நெரிக்கும். ஒரே ஆளிடம் வெட்டுக்கு முன்பும் பின்பும் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்பு தடுமாறியவர்கள் பின்பு தெளிவாகச் செய்தார்கள். பருவநிலையால் வந்த மாற்றமோ என்றால், அதுவும் இல்லை. ஆலை முறைவைத்து வெட்டச் சொல்வதால் ஒரே மாதத்தில் ஒருவருக்கு வெட்டு முடிந்திருக்கும், அடுத்தவருக்குக் கரும்பு நிலத்தில் நிற்கும். இடைப்பட்ட காலத்தில் அவர்களுக்கு யாரும் மனநிலை வகுப்பு எடுக்கவில்லை. பணம் வந்தது, அவ்வளவுதான்.

தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று வேலூரை அதனிடம் இல்லாததை வைத்தே பேசுவது பழைய வழக்கம். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலைப் பற்றிய அந்தப் பேச்சு எப்போது செத்தது? 1981-ல், சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தபோது. கருவறையில் சாமி இருப்பதாகப் பாவித்துக்கொண்டு யாரும் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை.

இருப்பதாகப் பாவித்து ஏமாந்த கதையும் நம்மிடம் உண்டு. வங்கி ஓர் ஆண்டில் தராத வட்டியை ஒரே மாதத்தில் தருகிறோம் என்று சொன்ன நிறுவனங்களை நம்பி, வேலூர், ஆற்காடு, ஆரணி வட்டாரத்தில் எத்தனை குடும்பங்கள் பணத்தைக் கொட்டின! 2022-ல் போலீஸ் சோதனை வந்தபோதுதான் பலருக்கு விழிப்பு வந்தது. அங்கேயும் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டவரைத்தான் 'சின்ன மனசுக்காரர்' என்றார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது, ஆனால் மனத்துக்குக் கசக்கும். மகளிர் குழுவில் இருந்தால் குழுக் கடன் கேளுங்கள். இல்லாவிட்டால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகையை வையுங்கள். அந்த வட்டி தண்டல் வட்டியில் நாலில் ஒரு பங்குகூட வராது. அந்தப் பணத்தில் தண்டலை ஒரே அடியாக முடியுங்கள். புதிதாக ஒன்று எடுக்காதீர்கள்.

கட்டிங் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் பேச மாட்டேன். 'வளமான மனநிலை' என்ற பேச்சை 1989-ல் உலகெங்கும் பரப்பிய அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கோவி முக்கியமாகச் சொன்னது இதைத்தான்: அடுத்தவருக்குக் கிடைத்தால் நமக்குக் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவரால் பெயரையும் பொறுப்பையும் பங்கிட முடியாது. அந்தப் பெண்ணுக்குக் கொக்கி வைக்கவும் எம்மிங் செய்யவும் மட்டும் கொடுக்கிறீர்கள். கத்திரி உங்கள் ஒருவர் கையில். ஆகவே வருகிற துணியெல்லாம் உங்கள் மேசையில் வரிசை பிடித்து நிற்கிறது. போன தீபாவளிக்கு முந்தைய வாரம் 'இனி வாங்க மாட்டேன்' என்று எத்தனை ஜாக்கெட்டைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று அந்த நோட்டிலேயே எழுதுங்கள். அது தெருமுனைக் கடைக்குப் போன கூலி. நீங்கள் சொல்லித்தராவிட்டாலும் ஓர் அளவு ஜாக்கெட்டைப் பிரித்துவைத்து, பழைய செய்தித்தாளில் வெட்டிப் பார்த்து, செல்போனில் நாலு வீடியோ பார்த்து அவள் கற்றுக்கொள்வாள். அப்போது நன்றி இல்லாமல் போவாள். இப்போதே கற்றுக்கொடுத்து, வெட்டும் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிடுங்கள். முகூர்த்த மாதங்களில் கடை தாங்கும்.

சரி, அவள் எதிரில் கடை போட்டே விட்டாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு கடை இருந்திருந்தால் பட்டு எடுக்க யார் ஆரணிக்குப் பஸ் ஏறுவார்? ஆம்பூரில் பிரியாணிக் கடைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டேதான் அண்டா இறக்குகின்றன. கடைகள் கூடக்கூடத்தான் ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். உங்கள் தெருவில் இரண்டு தையல் கடை இருந்தால் வாடிக்கையாளர் கொஞ்சம் பேரம் பேசுவார், உண்மைதான். நல்ல தையலுக்கு அதில் நஷ்டமில்லை.

இரண்டாம் நிலை வகுப்பைக் கேட்டீர்கள். பிரபஞ்சம் அள்ளித் தரும் என்று அத்தனை உறுதியாக நம்புகிறவர் எதற்கு முன்பணம் வாங்குகிறார் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். அந்த 8,000 ரூபாய் உங்களிடம் இல்லை, தண்டல்காரரிடம்தான் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.