அடிபட்டாலும் அழாத பிள்ளை: வளர்ப்பவர்களுக்குக் கேள்வி பதில்

இலங்கையின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புப் பிரிவில் 27 வருடம், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாறி மாறி வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். பெற்றவர்களிடம் அடி வாங்கியோ, கவனிப்பாரற்றுக் கிடந்தோ வந்த சின்னப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் கேளுங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் சிறுவர் இல்லத்தை விட ஒரு வீடுதான் நல்லது என்பது என் கட்சி. பிள்ளையின் பெயரும் படமும் மட்டும் வேண்டாம்.

சின்னம்மா, செங்கலடி: மிஸ், அக்காவின் மகளுக்கு மூன்று வயது. தகப்பனின் அடியால் எங்களிடம் வந்து நான்கு மாதம். விழுந்து முழங்கால் கிழிந்தாலும் அழுவதில்லை. நான் தூக்கப் போனால் தள்ளிவிடுகிறாள். ஆனால் மீன்காரர் கை நீட்டினால் தோளில் ஏறிவிடுகிறாள். என்னில் என்ன பிழை?

பதில்: உங்களில் பிழை இல்லை. அழுதால் ஒருவரும் வரமாட்டார்கள், வந்தாலும் அடிக்கத்தான் வருவார்கள் என்று படித்துக்கொண்டு வந்த பிள்ளை அது. அவளுக்கு நோகாமல் இல்லை. நோவைச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறது என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

பிள்ளை தள்ளிவிட்டதும் ‘சரி, இவளுக்கு நான் தேவையில்லை’ என்று நாமும் விலகிவிடுகிறோம். அமெரிக்காவில் மேரி டோசியர் என்ற ஆய்வாளர் வளர்ப்புத் தாய்மாரிடம் இதைத்தான் கண்டார். பிள்ளை முகம் திருப்ப, தாயும் திருப்பிவிடுகிறாள். அதை மாற்றுவதற்காகவே, வீட்டுக்குப் போய்ப் பத்துத் தடவை பழக்கிக் கொடுக்கும் ஒரு முறையை அவர் உருவாக்கினார். காலையில் கூடி இரவில் இறங்க வேண்டிய கோர்ட்டிசோல் என்ற சுரப்பு, கவனிப்பின்றி வளர்ந்த பிள்ளைகளின் உடம்பில் அப்படி ஒழுங்காக ஏறி இறங்குவதில்லை என்றும் அவருடைய குழு காட்டியது. பிள்ளையின் ‘பிடிவாதம்’ பாதி உடம்பில் இருக்கிறது என்று நான் சொல்வது அதனால்தான்.

ஆகவே அவள் அழாவிட்டாலும் போங்கள். ‘நொந்து போச்சா மனே’ என்று கேட்டு முழங்காலைத் தடவுங்கள். தள்ளினால் ஒரு கை தூரத்தில் குந்தியிருங்கள், எழுந்து அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். விளையாட்டில் அவள் சிரட்டையில் மண் போட்டால் நீங்களும் மண் போடுங்கள். ‘இது என்ன நிறம், இது எத்தனை’ என்ற வாத்தியார் வேலை அப்போது வேண்டாம். ‘அப்பாவிடம் கொண்டுபோய் விட்டுவிடுவேன்’ என்று பகிடிக்கும் சொல்லக் கூடாது.

மீன்காரர் தோளில் ஏறுவதைப் பாசம் என்று எடுக்காதீர்கள். யார் தன்னுடைய ஆள் என்று தெரியாத பிள்ளைக்கு எல்லாரும் ஒன்றுதான். கொஞ்ச மாதங்களுக்குச் சோறு தீத்துவது, குளிப்பாட்டுவது, நித்திரையாக்குவது எல்லாம் உங்கள் கையாலேயே நடக்கட்டும். வருகிறவர்கள் எல்லாரும் ‘பாவம்’ என்று தூக்கிக் கொஞ்ச விடாதீர்கள்.

நீதிமன்றக் கடதாசி இருக்கிறதா? 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பிள்ளையை வளர்க்கத் தகுதியானவர் என்று உங்கள் பெயரில் கட்டளை எடுக்கலாம். ‘ஃபிட் பேர்சன் ஓடர்’ என்று கந்தோரில் சொல்வார்கள். அது இல்லாவிட்டால் நாளைக்குத் தகப்பன் வந்து இழுத்துக்கொண்டு போனாலும் உங்களுக்குப் பிடிமானம் இல்லை.

மாமி, திருக்கோவில்: நான்கு வயது மருமகன் தலையணைக்குள் சோற்றுருண்டை ஒளித்து வைக்கிறான். எறும்பு மொய்க்கிறது. களவு பழகிவிடுமா?

பதில்: இது களவு இல்லை. நாளைக்குச் சாப்பாடு வராது என்ற பயம். மூடி போட்ட டப்பா ஒன்றில் மாரி பிஸ்கட்டும் இரண்டு கோழிக்கூட்டு வாழைப்பழமும் வைத்து, ‘இது உன்னுடையது, முடிந்தால் திரும்பப் போடுவேன்’ என்று அவன் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். சொன்னபடி நிரப்புங்கள், ஒரு நாளும் வெறுமையாக விடாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தின்று வாந்தி எடுக்கவும் கூடும். ஒரு பையனுக்கு அந்தப் பயம் போக எட்டு மாதம் எடுத்தது. பிறகு டப்பாவையே மறந்துவிட்டான்.

கல்முனையிலிருந்து ஒருவர்: தத்தெடுக்கப் பிள்ளை எங்கே கிடைக்கும்?

பதில்: பிள்ளை கிடைக்கிற கடை இல்லை. மாகாண நன்னடத்தை ஆணையாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும், கட்டளை தருவது நீதிமன்றம். உங்களுக்குக் குறைந்தது 25 வயதும், பிள்ளையை விட 21 வயது மூப்பும் இருக்க வேண்டும். சில உறவுமுறைகளுக்கு விலக்கு உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் ‘பிள்ளை இருக்கு’ என்று வருகிற தரகர் பக்கம் போகாதீர்கள்.

சிறுவர் இல்லப் பணியாளர், வாழைச்சேனை: மிஸ், வீடு வீடு என்கிறீர்கள். சொந்தக்காரர் எடுத்துப் போன பிள்ளை ஆடு மேய்க்கிறதையும் கண்டிருக்கிறேன். எங்கள் இல்லத்தில் மூன்று நேரச் சாப்பாடு, படிப்பு, சுத்தமான படுக்கை. இது எப்படிக் கூடாததாகும்?

பதில்: நீங்கள் கண்டதை நானும் கண்டேன். சொந்தம் என்ற ஒன்றே போதாது, கொடுத்த பிறகு போய்ப் பார்க்க ஆள் வேண்டும். ஆனால் நான் பேசுவது மூன்று வயதுக்குக் கீழே. ருமேனியாவில் புகாரெஸ்ட் நகர இல்லங்களில் கிடந்த 136 சிசுக்களில் பாதியைச் சீட்டுக் குலுக்கினது போலத் தெரிந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். 54 மாத வயதில் பார்த்தபோது, இல்லத்தில் இருக்கட்டும் என்று விடப்பட்டவர்களின் சராசரி நுண்ணறிவு ஈவு (IQ) 73, குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81, தாய் தகப்பனோடு வளர்ந்தவர்களுக்கு 109. இரண்டு வயதுக்கு முன் போனவர்கள்தான் கூடத் தேறினார்கள். அங்கே இருந்த குறை, முறை மாற்றத்தில் வந்துபோகிற ஆயாக்களில் ஒருத்தியும் ‘என்னுடையவள்’ ஆகாததுதான்.

பணியாளர்: ருமேனிய இல்லமும் எங்கள் இல்லமும் ஒன்றா? இங்கே அக்காமார் பாசமாக இருக்கிறார்கள்.

பதில்: ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். உங்கள் அக்காமாரில் ஒருவர் கலியாணம் முடித்துப் போகும்போது அவரோடு ஒட்டிய பிள்ளைக்கு என்ன நடக்கும்? அடுத்தவரோடு ஒட்டும். மூன்றாம் தடவை ஒட்டாது. அதைத்தான் ‘நல்ல பிள்ளை, ஒரு தொந்தரவும் இல்லை’ என்கிறோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிக்குடி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நம் பக்கத்தில் குடி, அதாவது பரம்பரைக் கூட்டம், தாய்வழி. வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா ஒரே வேலிக்குள். சுனாமியில் தாயில்லாமல் போனவர்களை அவர்கள்தானே வளர்த்தார்கள்? நீதிமன்றம் எதற்கு?

பதில்: சேர், முதல் பாதி முழு உண்மை. பிள்ளைக்கு இடம் தேடும்போது நானும் முதலில் தாய் பக்கத்து வளவைத்தான் எட்டிப் பார்ப்பேன். இரண்டாம் பாதியில்தான் சண்டை. நீங்கள் சொன்ன சுனாமிக்குப் பிறகே, தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளின் பாதுகாவலுக்காகவும் 2005இல் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. வேலிக்குள் சின்னம்மாவும் இருப்பார், குடித்துவிட்டு வரும் சித்தப்பாவும் இருப்பார். கடதாசி இருந்தால்தான் உத்தியோகத்தர் வந்து படலையைத் திறப்பார்.

பணியாளர்: அந்த உத்தியோகத்தர் வருகிறாரா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: எல்லா இடமும் வருவதில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் எனக்கே மழைக்காலத்தில் மூன்று மாதம் போக முடியாமல் போனது. அந்த இடைவெளியில் ஒரு பிள்ளையின் கை முறிந்தது. அதனால்தான் நீங்கள் சொல்வதை நான் தட்டிவிடவில்லை.

இதை இத்தோடு விடுவோம், காத்திருக்கிறவர்கள் நிறைய.

சகோதரி, காத்தான்குடி: ராத்தா, மார்க்கத்தில் தத்து இல்லை என்கிறார்கள். சாச்சியின் பேரப்பிள்ளையை வளர்க்கலாமா?

பதில்: தாராளமாக. பிள்ளை தன் வாப்பாவின் பெயரோடு இருக்கட்டும், நீங்கள் தகுதியானவர் கட்டளை எடுத்து வளருங்கள். பால்குடி உறவு (பாலூட்டுவதால் வரும் உறவு) பற்றி மௌலவியிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

பொத்துவிலிலிருந்து ஒருவர்: தத்தெடுக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: மேலே கல்முனைக்காரருக்குச் சொன்னது.

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர்: பக்கத்து வீட்டில் இரவில் பிள்ளை கத்துகிறது. சொன்னால் பகை வருமே.

பதில்: 1929 என்ற தொலைபேசி இலக்கம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. இன்றைக்கே எடுங்கள்.

அம்மம்மா, வாகரை: பாயில் மூத்திரம் போகிறான். இரண்டு தட்டுத் தட்டினால் திருந்தும் என்கிறார்கள்.

பதில்: அடியால் வந்த வருத்தத்துக்கு அடி மருந்தா, அம்மா? பாய்க்கு மேலே றப்பர் சீலை போடுங்கள், காலையில் பேசாமல் கழுவுங்கள். மூத்திரம் கடுக்கிறது என்றால் கிளினிக்.

ஏறாவூரிலிருந்து ஒருவர்: தெரிந்த பெண் பிள்ளையைத் தருகிறார். பிறப்புச் சான்றிதழில் நேரே எங்கள் பெயரைப் போட்டால் தத்து வேலை மிச்சம்தானே?

பதில்: அது குற்றம். பொய்ப் பதிவு. பதினெட்டு வயதில் உண்மை வெளிவரும்போது அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டிவரும். நான் பார்த்திருக்கிறேன். கல்முனைக்காரருக்கான பதில் உங்களுக்கும்தான், இனித் தத்துக் கேள்விக்குப் பதில் தரமாட்டேன்.

பெரியம்மா, சம்மாந்துறைப் பக்கம்: பெற்ற தாய் வந்து பார்த்துவிட்டுப் போனால் பிள்ளை இரண்டு நாள் சாப்பிடுவதில்லை. சந்திப்பை நிறுத்திவிடவா?

பதில்: நீங்களாக நிறுத்த முடியாது, அது கட்டளையில் இருக்கிற விடயம். இரண்டு நாள் உண்ணாததால் தாய் கூடாதவள் என்றும் ஆகாது. பிள்ளை பிரிவுக்கு அழுகிறதா, தாயைக் கண்டு பயந்ததா என்று பாருங்கள். தாய் வந்த நேரத்தில் பிள்ளை எங்கே நின்றது, கிட்டப் போனதா, உங்கள் பின்னால் ஒளிந்ததா, அன்றிரவு எத்தனை தடவை எழும்பியது என்று ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். அடுத்த தவணைக்கு முன் அதை நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கொடுங்கள். தாய் வருகிற நாளை முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லி, போன பிறகு வழக்கமான நேரத்துக்கே குளிப்பாட்டிச் சோறு வையுங்கள். சாப்பிடாவிட்டாலும் வையுங்கள்.